காருக்கு மூச்சு முட்டிய காலை

பட்டியல் போட்டு வேலை செய்பவர்களுக்கு ஒரு குறை உண்டு. பட்டியலில் இல்லாதது உலகத்திலும் இல்லை என்று நம்பிவிடுவோம். நான் அப்படி நம்பியிருந்த கடைசி நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

வாகனத் தொழில்நுட்ப டிப்ளோமாவில் அப்போதுதான் சித்தியடைந்திருந்தேன். (இரண்டாம் முறை. அதற்கும் அம்மா நேர்த்தி வைக்கவேண்டியிருந்தது.) நேர்த்தி, படுவான்கரையில் அம்மா பிறந்த ஊர்க் கண்ணகி அம்மனுக்கு. அந்தக் கோயில் வைகாசியில் சில நாட்கள்தான் திறந்திருக்கும். கடைசி நாள் காலை அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்திச் சடங்கு முடிந்து கதவைச் சாத்திவிட்டால் அடுத்த வைகாசிதான். அவ்வளவு காலம் அம்மனைக் காக்கவைக்க அம்மா துணியமாட்டார்.

அந்தக் கடைசி நாள் விடியலில்தான் அப்பாவின் டீசல் காரில் நான் கைவைத்தேன். டர்போவுக்குக் காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய் வெடித்துப்போயிருந்தது. அப்பா அதில் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றி வைத்திருந்தார். பாலம் ஏறினால் கார் விசிலடித்தது, இழுவை இல்லை. ஓட்டமாவடியில் புதுக் குழாய் முதல்நாள் மாலைதான் கிடைத்தது.

"வேன் ஒண்டப் பிடிப்பம்" என்றார் அப்பா.

"அரை மணித்தியால வேலை அப்பா."

பதினொரு படிகள் எழுதி பொனட்டின் உட்புறம் ஒட்டினேன். முதலாவது, பற்றரி வயரைக் கழற்றுதல். நான்காவது, தூசி விழாமல் டர்போவின் வாயைத் துணியால் அடைத்தல். துணி எடுத்துவைக்க மறந்திருந்தேன். டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் துணி முடிச்சுக் கிடந்தது. அப்பாவின் கற்பூரப் பொட்டலமாக்கும் என்று எடுத்து அடைத்தேன். அளவெடுத்துச் செய்த மூடி போலப் பொருந்தியது.

பதினொன்றுக்கும் சரி போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினேன். என்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. மறுபடியும் அதே. கிளிப்புகளைப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தன. சென்சர் வயரைப் பார்த்தேன், செருகித்தான் இருந்தது. பட்டியலை மேலிருந்து கீழும், பிறகு (என்ன நினைத்தேனோ) கீழிருந்து மேலும் வாசித்தேன்.

வீட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல்: "மகள், நேர்த்திக் காசு முடிஞ்ச மஞ்சத் துணியக் கண்டியா?"

"இல்லம்மா."

"மறக்கப்படாதெண்டு கண்ணுக்கு முன்னால வெச்சநான்."

"அம்மா, இஞ்ச கார் மூச்சு விடுதில்ல. நீங்க துணி தேடுறீங்க."

அப்பா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "சோதினையில இதுக்கு என்ன எழுதின நீ?"

"இது வரல்ல."

"ரெண்டாம் தரமும் வரல்லயா?"

மணி எட்டு. அம்மா பட்டுச்சேலையும் பூத்தட்டுமாக வந்து, கார்க் கதவைத் திறந்து, டாஷ்போர்டைத் தடவினார். "இதுலதான் வெச்சநான். ஆரு எடுத்த?"

நான் நான்காம் படியைப் பார்த்தேன். பிறகு ஐந்திலிருந்து பதினொன்றுவரை பார்த்தேன். அடைத்த துணியை எடுப்பது பற்றி என் அழகான கையெழுத்தில் எங்குமே ஒரு சொல் இல்லை. திருப்புளியை எடுத்தேன்.

குழாயைக் கழற்றியதும் துணி அங்கேயே இருந்தது. பாதி கறுத்து, எண்ணெய் ஊறிப்போயிருந்தது. காசு உள்ளே பத்திரமாக இருந்தது. அது நழுவி உள்ளே போயிருந்தால் டர்போவையே மாற்றவேண்டி வந்திருக்கும். அம்மா இரண்டு விரலால் முடிச்சை வாங்கிக்கொண்டு காரில் ஏறினார். கார் இம்முறை விசிலே இல்லாமல் ஓடியது. அதைப் பாராட்ட ஒருவரும் இல்லை.

நாங்கள் போய் இறங்கியபோது பூசை செய்யும் கப்புகனார் கதவில் கைவைத்துவிட்டார். அம்மா செருப்பை எங்கோ உதறிவிட்டு ஓடினார். முடிச்சை வாங்கியவர் அதை மூக்குக்குக் கிட்டப் பிடித்தார்.

"இதென்ன புள்ள, எண்ணெய் மணக்குது?"

"அது மகள்ர படிப்பு மணக்குது, ஐயா" என்றார் அம்மா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

நேர்த்தி நிறைவேறியது. ஆனால் இன்றுவரை வீட்டில் மூக்குக்கண்ணாடியோ சாவியோ காணாமல்போனால் அப்பா அலுமாரியைத் திறப்பதில்லை. நேரே என்னிடம் வந்து நிதானமாகக் கேட்கிறார்: "புள்ள, நீ கடைசியா எதை அடைச்ச?"