பதினேழாவதாக வந்தவள் விஷயமாக

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் முழங்கால் நீங்கலாக, கடவுள் புண்ணியத்தில் சுகம். வீட்டுக்காரரும் சுகம். உன் மகள் குட்டியும் சுகம்தான், வலது கால் கட்டைவிரல் நகம் மட்டும் இல்லை, அது போன மாதமே விழுந்துவிட்டது. பயப்படாதே, புதிது முளைக்கிறது. அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் நகம் முதற்கொண்டு நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. இதை போனிலேயே சொல்லலாம். ஆனால் நான் மூச்சு விடுவதற்குள் நீ "சரிக்கா, வேற?" என்று கேட்டு வைத்துவிடுகிறாய். தவிரவும் நீ ஆபீசில் எதையும் எழுத்தில் கேட்டுப் பழகினவன். பதினொன்றாம் வகுப்புக்கு மகளை என் வீட்டில் கொண்டுவந்து விட்ட அன்றைக்கு நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அக்கா, ஒரு சீசன் ஓடட்டும். ஒரு தடவையாவது முதல் மூணுக்குள்ள வந்தா மேல ஓடட்டும். இல்லேன்னா ஷூவைக் கழட்டிட்டுப் படிக்கட்டும். நீ உள்ளதை உள்ளபடி எழுது, நான் முடிவு பண்றேன்." நானும் சாமி படத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அதனால் இதில் ஒரு வரிகூடப் பொய் இருக்காது. இனி வரும் டிராக் சீசனுக்கு அப்பா கையெழுத்துப் போட்ட சம்மத பாரம் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டுமாம். ஆகவே இந்தக் கடிதம் இன்றைக்கே பெரிய தபாலாபீசில் ஐந்து மணிப் பையில் ஏறினால்தான் உண்டு. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன், நேரம் நிறைய இருக்கிறது.

முதல்ல இந்த ஓட்டம் என்னன்னு உனக்குத் தெரியணும். இதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு கிராஸ் கன்ட்ரி. நாலு கிலோமீட்டர், பக்கத்துலயே நல்ல ரோடு போகும், அதுல ஓட மாட்டாங்க. சேறு எங்கே, மேடு எங்கேன்னு தேடிப்போய், சுண்ணாம்புல அம்பு போட்டு, கொடி நட்டு வச்சு அதுல ஓடுவாங்க. இன்னொண்ணு டிராக். அதுல சேறு கிடையாது, ஆனா கிளம்பின இடத்துக்கே திரும்பத் திரும்ப வருவாங்க. "எங்கடி போயிட்டு வர்றே, இப்படி வேர்த்திருக்கு"ன்னு கேட்டா "எங்கேயும் போகல அத்தை, பன்னிரண்டு ரவுண்டு"ங்கறா. எதுக்கு இந்தப் பாடுன்னு கேட்டா சிரிக்கிறா. உன் சிரிப்பேதான், பல்லு மட்டும் வரிசையா இருக்கு.

வந்த முதல் வாரம் இந்தத் தெரு பட்ட பாட்டை எப்படிச் சொல்ல. காலையில அஞ்சரைக்கு இவ ஓடறதைப் பார்த்த முனை மருந்துக்கடைக்காரர், நம்ம வீட்டுல யாருக்கோ மூச்சு இழுக்குதுன்னு நினைச்சு, லுங்கியோட ஓடி வந்து ஷட்டரைத் தூக்கிட்டார். இவ கடையைத் தாண்டி ஓடிட்டா. பாவம், மருந்து வாங்க மறந்துபோய் ஓடுதேன்னு அவர் பின்னாலயே ஓடியிருக்கார். இவ திரும்பிப் பார்த்துட்டு, யாரோ துரத்தறாங்கன்னு வேகத்தைக் கூட்டியிருக்கா. இதை மாடியிலேர்ந்து பார்த்த தையல்கார அம்மா கத்தரிக்கோலோட இறங்கி வந்து மருந்துக்கடைக்காரரை மடக்கிட்டாங்க. நான் போய்ச் சமாதானம் பண்ணி ரெண்டு பேருக்கும் காபி கொடுத்து அனுப்பினேன். இப்ப அவர் தினமும் அஞ்சரைக்கே கடையைத் திறந்துடறார். வியாபாரம் நல்லா இருக்காம், குட்டிக்கு ஒரு டப்பா சத்துமாவு இலவசமாக் கொடுத்தார்.

வீட்டுக்குள்ள நடக்கறதைக் கேளு. என் ஊக்கு ஒண்ணுகூட என்கிட்ட இல்ல, எல்லாம் இவ நெஞ்சுல நம்பர் துணி குத்தப் போயிடுச்சு. ஐஸ் டப்பா முழுக்க இவ முட்டிக்கு. அது போகட்டும். ஓடிட்டு வந்ததும் தரையில மல்லாந்து படுத்து, ரெண்டு காலையும் சுவத்துல செங்குத்தாத் தூக்கி வச்சுக்கறா, கால்ல இருக்கற ரத்தம் இறங்கணுமாம். எந்தச் சுவருன்னு நினைக்கறே? நம்ம சாமி அலமாரி மாட்டியிருக்கற சுவரு. சாமிக்கு நேரா ரெண்டு பாதம், அதுல ஒரு விரலுக்கு நகமும் இல்ல. "அடியே, வேற சுவரு பாரு"ன்னேன். "அங்கே பீரோ இருக்கு, இங்கே கட்டில் இருக்கு அத்தை, இது ஒண்ணுதான் காலியா இருக்கு"ன்னா. சுத்திப் பார்த்தேன், உண்மைதான். ஒரு வாரம் யோசிச்சேன். அப்புறம் வீட்டுக்காரரை ஆணி அடிக்கச் சொல்லி சாமியை பீரோ பக்கம் மாத்திட்டேன். சாமிக்குக் கோபம் இல்லன்னுதான் நினைக்கறேன், வீட்டுக்காரர்தான் சுத்தியலை விரல்ல போட்டுக்கிட்டார்.

இனிமே முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இதைச் சொல்ல எனக்கே வெட்கமா இருக்கு, ஆனா சத்தியம் பண்ணியிருக்கேன். முதல் போட்டியில இவங்க பள்ளிக்கூடம் கடைசியா வந்தது என்னாலதான். அஞ்சு பள்ளிக்கூடம் வந்திருந்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஏழு பொண்ணுங்க ஓடுவாங்க, முதல்ல வர்ற அஞ்சு பேரோட புள்ளிதான் சேரும்னு குட்டி சொல்லியிருந்தா. இவதான் எப்பவும் அந்த அஞ்சாவது ஆள். சாமிகிட்ட சும்மா நல்லது பண்ணுன்னு கேட்டா அவருக்கே குழப்பமா இருக்கும், எவ்வளவு வேணும்னு சொல்லிக் கேட்கணும், அது என் வழக்கம். அதனால "நூறு புள்ளிக்குக் குறையாமக் கொடு"ன்னு மூணு வாரம் ஒரு வேளை சாப்பிடாம வேண்டிக்கிட்டேன். நான் சாப்பிடாத வேளைக்கும் சேர்த்து அன்னிக்குக் காலையில குட்டிக்கு ஊட்டினேன். நாலு முட்டை, ஒரு தட்டு சோறு, ஒரு சொம்பு பால். "போதும் அத்தை"ன்னு கெஞ்சினா, நான்தான் தெம்பு வேணாமான்னு விடல. ரெண்டாவது மேட்டுல அத்தனையும் வெளியே வந்துடுச்சு. வாயைத் துடைச்சுட்டு மறுபடி ஓடினா, முப்பத்திரண்டாவதா வந்தா. போர்டுல பார்த்தா நம்ம பள்ளிக்கூடத்துக்கு நூத்தி மூணு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு தம்பி, கேட்டதுக்கு மேல மூணு. கோச் அம்மாவைக் கட்டிப் பிடிச்சேன். பக்கத்துல இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு முப்பத்தொண்ணுதான் இருந்தது, அந்தப் பொண்ணுங்களைப் பார்க்கப் பாவமா இருந்தது. போய்த் தலையைத் தடவி, "அழாதீங்கம்மா, அடுத்த தடவை நல்லா வரும்"னேன். அவங்க கழுத்துல மெடல் தொங்குது, ஒருத்திகூட அழல, என்னையே பார்த்தாங்க.

கோச் அம்மாதான் தனியாக் கூப்பிட்டு, "அம்மா, எத்தனையாவதா வர்றாங்களோ அதுதான் புள்ளி. இதுல குறைஞ்சவங்கதான் ஜெயிச்சவங்க"ன்னாங்க. மூணு வாரம் பட்டினி கிடந்து புள்ளைங்களைத் தோக்கடிச்சிருக்கேன். வீட்டுக்கு வந்து குட்டிகிட்ட எல்லாத்தையும் சொல்லி அழுதேன். அவ என் மடியில தலை வச்சுப் படுத்துட்டு, "விடுங்க அத்தை, சாமி உங்க பேச்சைக் கேட்குதுன்னு தெரிஞ்சுதே, அடுத்த தடவை சரியாக் கேளுங்க"ன்னா. என்னைத் திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்.

கடைசிப் போட்டி போன ஞாயித்துக்கிழமை, ஏரிக்கரையில. இந்தத் தடவை "அம்பதுக்கு மேல வேண்டாம் சாமி, போன தடவை சொன்னதை மறந்துடு"ன்னு வேண்டிக்கிட்டு, காலையில ஒரே ஒரு வாழைப்பழம் கொடுத்தேன். அதையும் முழுசாக் கொடுக்கப் பயம். நான் சேறு இருக்கற மேட்டுக்கிட்ட போய் நின்னுக்கிட்டேன். நம்ம பொண்ணுங்க நாலு பேர் போயிட்டாங்க, இவளைக் காணல. கொஞ்சம் கழிச்சு வர்றா. ஒரு கால்ல ஷூ, இன்னொரு கால் வெறுங்கால், நகம் போன கால். ஷூ சேத்துக்குள்ள மாட்டிக்கிச்சு. குனிஞ்சு எடுக்க நின்னா ரெண்டு பேர் முந்திடுவாங்கன்னு இவ அப்படியே விட்டுட்டு ஓடறா. நான் கயித்துக்கு அடியில நுழைஞ்சு, முழங்கை வரைக்கும் சேத்துல விட்டு, அந்த ஷூவைப் பிடுங்கி எடுத்துக்கிட்டு, "குட்டி, நில்லுடி"ன்னு பின்னாலயே ஓட ஆரம்பிச்சுட்டேன். என் கல்யாணத்துக்கு அப்புறம் நான் ஓடினது அன்னிக்குத்தான். கொடி பிடிச்சிட்டிருந்தவர் குறுக்கே வந்து, "அம்மா, கையில எதையாவது கொடுத்தீங்கன்னா அந்தப் பொண்ணைப் போட்டியிலேர்ந்து எடுத்துடுவாங்க"ன்னார். "கொடுக்கல, கூட ஓடறேன்"னேன். "கூட ஓடவும் கூடாதும்மா"ன்னார். நின்னுட்டேன். ஒரு ஆம்பளை சொல்லி நான் உடனே கேட்டது அதுதான் முதல் தடவை, எங்க வீட்டுக்காரர் இன்னும் அந்தக் கொடிக்காரர் விலாசத்தை விசாரிச்சுக்கிட்டிருக்கார்.

ஷூவை நெஞ்சுல அணைச்சுக்கிட்டு மேட்டு மேல நின்னு பார்த்தேன். முடிக்கற இடத்துக்கு முன்னால, முப்பத்தொண்ணு வாங்கின அதே பள்ளிக்கூடத்துப் பொண்ணு ஒருத்தி இவளுக்கு முன்னால போறா. இவ நொண்டிக்கிட்டே கிட்டப் போறா, கிட்டப் போறா, கோட்டுல ஒரு தோள் அளவு முந்திட்டா. கையில ஒரு அட்டை கொடுத்தாங்க, பதினேழுன்னு. அந்தப் பொண்ணுக்குப் பதினெட்டு. கூட்டிப் பார்த்தா நம்ம பள்ளிக்கூடம் நாப்பத்தாறு, அவங்க நாப்பத்தேழு. இவ அந்த ஒருத்தியை முந்தலேன்னா கணக்கு அப்படியே மாறியிருக்கும், கப்பு அவங்களுக்குப் போயிருக்கும். மத்த ஆறு பொண்ணுங்களும் இவளைத் தூக்கிக்கிட்டாங்க, நான் ஷூவைத் தூக்கிக்கிட்டேன். ஆனா போட்டியில ரெண்டாவதா வந்த நம்ம பள்ளிக்கூடத்துப் பொண்ணு படம்தான் பள்ளிக்கூட நோட்டீஸ் போர்டுல இருக்கு. நம்மவளுக்குன்னு கிடைச்சது அந்த அட்டை ஒண்ணுதான். அதை நான் வாங்கி சாமி அலமாரியில வச்சிருக்கேன்.

இன்னிக்கு மத்தியானம் இதை எழுத உட்கார்ந்தப்ப, அவளைக் கூப்பிட்டு, "மூணாவதுன்னு எழுதிடட்டுமாடி, சாமிகிட்ட நான் பேசிக்கறேன்"னு கேட்டேன். "வேண்டாம் அத்தை, பதினேழுன்னே எழுதுங்க, ஓடினது அதுதானே"ன்னு சொல்லிட்டு, ஷூவை எடுத்துக் கழுவி, செய்தித்தாள்ல சுத்தி, பெட்டி அடியில வச்சா. இனிமே அதை எடுக்கப் போறதில்லன்னு ஒருத்தர் ஒரு பொருளை எடுத்து வைக்கற விதத்துலயே தெரியும்ல, அப்படி வச்சா.

ஆகையால் தம்பி, நான் செய்த சத்தியப்படி தெரிவிப்பது என்னவென்றால், உன் மகள் இந்த சீசன் முழுவதும் ஒரு தடவைகூட முதல் மூன்று இடத்துக்குள் வரவில்லை. நீ சொன்னது சொன்னபடி நிறுத்திவிடு. சம்மத பாரத்தை இதோடு வைக்கவில்லை. எப்படியும் கையெழுத்து இல்லை என்னும்போது அதற்கு ஒரு தபால்செலவு எதற்கு. நீங்கள் எல்லோரும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் இருக்கவும், உனக்கு மனசு நிம்மதியும் போனில் கொஞ்சம் பொறுமையும் கிடைக்கவும் கடவுளைப் பிரார்த்திக்கும்,

உன் அக்கா.

பின்குறிப்பு: எழுதி முடித்து நிமிர்ந்து பார்த்தா மணி நாலு நாப்பத்தஞ்சு. பெரிய தபாலாபீசு ரெண்டரை கிலோமீட்டர். வீட்டுக்காரர் வண்டி பஞ்சர், பஸ் அஞ்சரைக்குத்தான். நான் பதறினதைப் பார்த்துட்டு குட்டி எழுந்துபோய், பெட்டியிலேர்ந்து அந்த ஷூவை எடுத்து, வாசல்படியில உட்கார்ந்து கயிறு கட்டிக்கிட்டிருக்கா. உள்ள என்ன எழுதியிருக்கேன்னு ஒரு வார்த்தை கேட்கல. "சீக்கிரம் ஒட்டிக் கொடுங்க அத்தை, பத்து நிமிஷம் போதும்"ங்கறா. மேல எழுதினதைக் கிழிச்சு வேற எழுத நேரம் இல்ல. அதனால நீயே அந்தக் கடைசிப் பத்தியை அடிச்சுடு. பாரத்தை உள்ள வச்சிருக்கேன். இந்தக் கடிதம் உன் கையில இருக்குன்னா, அவ அஞ்சு மணிக்குள்ள போய்ச் சேர்ந்துட்டான்னு அர்த்தம். இந்த ஓட்டத்துல ஓடினது ஒரே ஆள், வந்தது முதல் இடம். நீ கேட்டது மூணுக்குள்ள. கையெழுத்துப் போட்டு மறு தபால்ல அனுப்பு.