அருளப்பன் 2

என் அப்பாவுக்கு இல்லாத காய்ச்சலுக்கு நான் மாத்திரை போட வைத்திருக்கிறேன். அதோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. அவருடைய திராட்சையையும் சேர்த்தே அழித்தேன்.

சின்னமனூர் பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் அப்போது எனக்குக் கணினி வேலை. ஆறு அறைகள், அறைக்கு ஒரு விவசாயியின் பழம். அறைகளின் நிலவரம் சொல்ல நானே ஒரு கருவி எழுதியிருந்தேன். கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் அறை எண், விவசாயி பெயர், டிகிரி, கம்ப்ரசர் ஓடுகிறதா இல்லையா என்று வரிவரியாக வரும். பத்திகள் நேராக நிற்பதற்கு மட்டும் இரண்டு நாள் உழைத்தேன். (அதை ரசித்த ஒரே ஆள் நான்தான்.)

அறை சூடானால் கைபேசியில் மணி அடிக்கும் செயலியை என்னோடு வேலை பார்த்த பிரபு செய்துகொண்டிருந்தான். அவன் கேட்டது ஒன்றே ஒன்று.

"இது மனுசன் படிக்கத்தான் லாயக்கு. மெஷின் படிக்கிற மாதிரி ஜேசான்ல தனியா ஒரு அவுட்புட் குடு. எது டிகிரி, எது பேருன்னு அதுல பிரிச்சு வரும்ல."

"அதெல்லாம் எதுக்கு? வரியில மூணாவது வார்த்தைதான் டிகிரி. அத எடுத்துக்க."

சோம்பல் பாதி. என் அழகான பட்டியலைப் போதாது என்கிறானே என்ற கோபம் மீதி. அவனும் மூன்றாவது வார்த்தையை எடுத்துக்கொண்டான். இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மகள் வேலை பார்க்கும் இடம் என்பதற்காகவே அப்பா தன் பன்னீர் திராட்சையை முதன்முறையாக அங்கே கொண்டுவந்து, மூன்றாம் அறையில் வைத்தார். கவாத்து வெட்டியதிலிருந்து நாலு மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்த பழம். திங்கள் காலை கேரளாவுக்கு லாரி ஏற வேண்டும். சனிக்கிழமை மதியம் வீரபாண்டித் திருவிழாவுக்குக் கிடங்கே கிளம்பியது. பெயர்களைப் பதியும் செல்வி அக்கா, "நீதான் மணி வச்சுருக்கேல்ல, பெறகென்ன?" என்று சொல்லிவிட்டுப் போனார். காவலாளி மட்டும் இருந்தார்.

ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்ததும் அப்பா எங்கள் ஊர் ராயப்பன்பட்டியிலிருந்து நேரே கிடங்குக்குப் போய், பழத்தைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"ஏத்தா, உள்ள வேர்க்குதே."

செயலியைப் பார்த்தேன். அறை மூன்று, 2 டிகிரி. பச்சை நிறம்.

"ரெண்டு டிகிரிதான்பா இருக்கு. வெயில்ல வந்தீகல்ல, அதான்."

"இல்லத்தா, சட்டையே நனைஞ்சுபோச்சு."

"அப்பன்னா ஒங்களுக்குத்தான்பா காய்ச்சல். மொதல்ல கதவ மூடுங்க, குளிர் வெளியே போயிரும். வீட்டுக்கு வந்து மாத்திரை போட்டுப் படுங்க."

அப்பா காவலாளியிடம், "எம் மக படிச்ச பிள்ள, அது சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, கதவை அழுத்தி மூடியிருக்கிறார். வீட்டுக்கு வந்து மாத்திரையை விழுங்கி, சித்திரை வெயிலில் போர்வை போர்த்திப் படுத்தார். (போர்த்திவிட்டதும் நான்தான்.)

திங்கள் காலை கதவைத் திறந்ததும் புளித்த வாடை வந்தது. பெட்டிகளுக்கு அடியில் சாறு தேங்கியிருந்தது. லாரி டிரைவர் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஓடிப்போய்க் கட்டளையைத் தட்டினேன். பத்திகள் வழக்கம்போல அழகாக நின்றன.

3 அருளப்பன் 2 31 ஓடவில்லை

செல்வி அக்கா நெற்றி நிறையத் திருநீறோடு அப்போதுதான் வந்தார்.

"அப்பா பேருக்குப் பக்கத்துல இது என்னக்கா ரெண்டு?"

"ஒங்க ஊர்லருந்து மூணு அருளப்பன் பெட்டி வச்சுருக்காக. நா எப்படி அடையாளம் கண்டுக்கிறது? ஒங்கப்பா ரெண்டாவதா வந்தாக. அதான் ரெண்டு."

எங்கள் ஊரில் அருளப்பன் இல்லாத தெரு கிடையாது. அது எனக்குத் தெரியும், என் கருவிக்குத் தெரியாது. கம்ப்ரசர் சனிக்கிழமையே நின்றிருந்தது. செயலியோ நான் சொன்னபடி மூன்றாவது வார்த்தையை வாசித்து, அப்பாவின் வரிசை எண்ணை டிகிரி என்று காட்டிக்கொண்டிருந்தது. உண்மையான 31 அதற்குப் பக்கத்திலேயே இருந்தது.

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எருக்குழிக்குப் போகும் வண்டியில் அவர் பெட்டிகளை ஏற்ற, நான் அழுதுகொண்டே எடுத்துக் கொடுத்தேன்.

அன்று மத்தியானமே ஜேசான் அவுட்புட்டை எழுதினேன். மூன்று மணி நேர வேலை. சாயங்காலம் அப்பாவிடம் போய் நின்றேன்.

"இனிமே ஒவ்வொரு நம்பரோடயும் அது எதோட நம்பர்னு பேர் போட்டு வரும்பா."

"முன்னாடி அப்படி வராதா?"

"வராதுப்பா."

"பெறகு மெஷினு என்னத்தத்தா செய்யும், பாவம்" என்றார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் எந்த எண்ணைச் சொன்னாலும், பரீட்சை மார்க்கோ பஸ் நம்பரோ, "அது யாரு நம்பர்?" என்று ஒரு குரல் வரும். போன மழைக்காலத்தில் அப்பாவுக்கு நிஜமாகவே காய்ச்சல். தெர்மாமீட்டரைப் பார்த்துப் பதறிப்போய், "நூத்தி மூணுப்பா" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"எனக்கா, மூணாம் நம்பர் அருளப்பனுக்கா?"

நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். அவருக்குத்தான்.