முறுக்கு உடையாத கார்

திருச்சி ஜில்லாவில் முறுக்கை நம்பிக் கார் ஓட்டிய ஒரே மனிதர் டெஸ்ட்டுதான். அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் ஜங்ஷன் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நான் மெக்கானிக். கொடைக்கானல் எஸ்டேட்காரர்களின் ஸ்போர்ட்ஸ் கார்கள் அங்கே வரும். கூரை கிடையாது. தரையோடு ஒட்டி இருக்கும். அடியில் படுத்து ரிப்பேர் செய்வது நான். மேலே உட்கார்ந்து ஓட்டிப் பார்ப்பது டெஸ்ட்டு. என் கண்ணில் கிரீஸ். அவர் கண்ணில் கறுப்புக் கண்ணாடி. வயிறு எரியாதா?

மணப்பாறை வரை போவார். ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கிப் பக்கத்து சீட்டில் வைத்துத் திரும்புவார். முதலாளி முன்னால் பிரிப்பார். முழுசாக இருந்தால் வண்டி பாஸ். இல்லாவிட்டால், "ஸ்பிரிங் சரியில்லப்பா, முறுக்கு சொல்லுது" என்பார். நான் மறுபடி அடியில் படுக்க வேண்டும்.

டவுன் பஸ்ஸில்கூட உட்கார மாட்டார். டெஸ்ட் பண்ணாத வண்டியாம். ஒருமுறை உறையூர் பஸ்ஸில் டிரைவரிடம், "கியர் அழுவுதுங்க, கேக்கலையா?" என்றார். இறக்கிவிட்டார்கள். கூட நின்ற பாவத்துக்கு என்னையும். நடந்தோம். கொஞ்ச தூரத்தில் அதே பஸ்ஸை ஜனங்கள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அதுவும் எரிச்சல்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு வழியாக ஒருநாள் காரில் போனார்.

"டெஸ்ட்டு அண்ணன் பாருங்க, ராஜா மாதிரி!" என்றாள் என் மனைவி.

"அந்தக் கார ஓட வச்சது நான்டி."

"அப்ப நீங்க ஏன் நடந்து வரீங்க?"

ஒருநாள் அவருக்குக் காய்ச்சல். முதலாளி சிவப்புக் காரின் சாவியை என்னிடம் கொடுத்தார். "நல்லா ஓட்டுனா இனிமே டெஸ்ட் வேலை உனக்குத்தான்."

முதலில் ஸ்ரீரங்கம் போய் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தேன். மனைவி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். பிறகு மணப்பாறை. பறந்தேன்.

பொட்டலத்தைப் பிரித்தார் முதலாளி. "கார் ஓட்டச் சொன்னா மாவரைச்சிட்டு வந்திருக்கியே!"

"ஸ்பிரிங் சரியில்லைங்க" என்றேன். ஸ்பிரிங் மாட்டியதே நான்தான்.

மறுநாள் டெஸ்ட்டு வந்தார். அதே காரை அப்படியே எடுத்துப் போனார். முறுக்கு ஒரு கீறல்கூட இல்லாமல் வந்தது. முதலாளி என்னைப் பார்த்தார்.

"நேத்து முறுக்கு பதம் தப்பியிருக்கும்ங்க" என்றார் டெஸ்ட்டு. "இவன் மாட்டுன ஸ்பிரிங்கு தப்பாது." பொட்டலத்தை என் கையில் வைத்தார். "தின்னுப்பா."

டெஸ்ட் வேலை போனது போனதுதான். அந்த மனசும் எனக்கு இல்லையே என்று அன்று கூடுதலாக எரிந்தது.

இப்போதும் மணப்பாறைப் பக்கம் போனால் முறுக்கு வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்து வருகிறேன். வீட்டில் பிரித்தால் உடைந்திருக்கும். ஓட்டுவது டெஸ்ட்டு இல்லையே.