எட்டா, பதினெட்டா: கூலாஷ் சூப் விஷயமாக அக்காவுக்கு

மேல்குடில், கால்ட்டெனாக்,
பிப்ரவரி 19

அன்பும் கண்டிப்பும் ஒருசேர நிறைந்த அக்கா வால்புர்காவுக்கு, உன் தம்பி கோர்பினியன் வணங்கி எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலமாக இருப்பதாகச் சமையல்காரி பொஷேனா சொல்கிறாள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அங்கு உன் புது இடுப்பு பழைய இடுப்பைவிட ஒழுங்காக நடந்துகொள்கிறதா என்று அறிய ஆவல். இரத்த அழுத்தம் ஏறுகிறது என்று உன் போனை டாக்டர் வாங்கி வைத்துவிட்டதால் தபாலில் எழுதுகிறேன். முப்பத்தாறு வருஷம் தபால் ஆபீசில் ஊரார் கடிதங்களை அடுக்கியவனுக்குத் தானே ஒன்று எழுதும்போது எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஆகையால் முதலில் நல்ல செய்தி: பனிச்சறுக்க வருகிறவர்களுக்கு நீ மலைமேல் நடத்தும் சாப்பாட்டுக் குடில் எரிந்துபோகவில்லை. கூரையும் இருக்கிறது. இனி மற்றது.

நீ ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என் கையில் கொடுத்த தாளில் எழுதியிருந்தபடிதான் நான் எல்லாம் செய்தேன் என்பதை மாதா சாட்சியாகச் சொல்லிக்கொள்கிறேன். "வெளியிலிருந்து கொண்டுவந்ததை உள்ளே உட்கார்ந்து தின்ன விடாதே" என்று மூன்று கோடு போட்டு எழுதியிருந்தாய். இரண்டாம் நாளே ஹாலந்துக்காரர் ஒருவர், பெயர் ஸ்யூர்ட், மனைவியும் நாலு பெண்களுமாக வந்து ஜன்னலோர மேஜையைப் பிடித்து, ஒரு கெட்டில் வெந்நீரும் ஆறு கோப்பையும் கேட்டார். கொடுத்தேன். உடனே ஆறு பேர் சட்டைப்பையிலிருந்தும் தேயிலைப் பொட்டலம் வந்தது, ஆறு ஹெல்மெட்டுக்குள்ளிருந்தும் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி வந்தது. நான் கண்டிக்கத்தான் போனேன், அக்கா. அந்த மனிதர் என்னைப் பார்த்து, "தப்பா நினைக்காதீங்க, போன வருஷம் பக்கத்து மலையில ஆறு பேருக்கு மத்தியானச் சாப்பாடு நூத்தி எழுபது யூரோ ஆச்சு, அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுக்காரி தூக்கத்துல அழுதா"ன்னு சொன்னார். அந்தம்மா வேறு தலையை ஆட்டினாள். திரும்பி வரும்போது பார்த்தால் நான் அவர்களுக்குக் கடுகு விழுது எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். "அண்ணே, கண்டிக்கப் போனீங்களா, பரிமாறப் போனீங்களா?"ன்னு பொஷேனா கேட்டாள். அவள் ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்து பதினோரு குளிர்காலம் உன்னிடம் குப்பை கொட்டியவள், கேட்க உரிமை உண்டு.

இப்போது சூப்புக்கு வருகிறேன். நீ கோபப்படாமல், முடிந்தால் படுத்துக்கொண்டு படி.

வாசலில் இருக்கிற விலைப்பலகை பனியில் நனைந்து அழிந்துபோயிருந்தது. என் மூக்குக்கண்ணாடி மேல் நானே உட்கார்ந்துவிட்டதால் கண்ணாடி இல்லாமலே சாக்கட்டியால் திரும்ப எழுதினேன். விலைகள் ஒரே நேராக வரட்டும் என்று மேலிருந்து கீழே ஒரு கோடு போட்டு, எழுதி முடித்ததும் அந்தக் கோட்டைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டேன். துடைத்ததாக நினைத்தேன். கூலாஷ் சூப்புக்கு நேரே மட்டும் கோடு ஒரு விரல் அளவு மிஞ்சிவிட்டது. எட்டு யூரோ சூப் பதினெட்டு யூரோ ஆகிவிட்டது, அக்கா. பொஷேனா பலகையைப் பார்த்து பில் மெஷினில் பதினெட்டு என்றே தட்டிவிட்டாள். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், "என்னய்யா அநியாயம்"னு கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஒருத்தரும் கேட்கவில்லை. வழக்கமாகப் பதினஞ்சு சூப் போகிற இடத்தில் அன்று முப்பத்தொன்பது போயிற்று. "பதினெட்டுன்னா ஏதோ இருக்கும்" என்று ஒரு ஆள் தன் மனைவியிடம் சொன்னது என் காதிலேயே விழுந்தது. என்ன இருக்கும்? மாட்டிறைச்சியும் வெங்காயமும் சிவப்பு மிளகாய்த்தூளும்தான் இருக்கு, நாப்பது வருஷமா அதுதான் இருக்கு!

மறுநாள் காலையில் மனசாட்சி குத்த, ஈரத்துணியால் அந்த ஒன்றை அழித்து எட்டாக்கினேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. முந்தின நாள் சாப்பிட்டுவிட்டு நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வந்த ம்யூனிக் தம்பதி பலகையைப் பார்த்து நின்றுவிட்டார்கள். "இது நேத்து மிஞ்சின சூப்பா?" என்று கேட்டாள் அந்தப் பெண். புதுசும்மா, இப்பத்தான் இறக்கினது என்றேன். "அப்ப ஏன் எட்டு?" என்றாள். அதற்குப் பதில் உனக்குத் தெரியுமா? எட்டு பேர் வந்தவழியே போய்விட்டார்கள். நான் சாக்கட்டியை எடுத்து ஒன்றைத் திரும்பப் போட்டேன். உடனே அடுத்த கூட்டம் வந்து உட்கார்ந்தது. விலை ஏறினால் கூட்டம் வருது, இறங்கினால் ஓடுது, இது என்ன தராசு என்று எனக்கு இன்று வரை புரியவில்லை.

ஆனால் பனிச்சறுக்குக்காரர்களை மலைமேல் ஏற்றும் லிஃப்டை ஓட்டுகிற நம் வீட்டுஸுக்குப் புரிந்துவிட்டது. மத்தியானம் அவனும் மற்ற ஆறு லிஃப்ட்காரர்களும் வந்தார்கள், பலகையைப் பார்த்தார்கள், திரும்பிப் போனார்கள். அடுத்த நாள் ஏழு பேரும் நம் ஜன்னலுக்கு எதிரே, பனியில், பெஞ்சு போட்டு உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியையும் உப்புப் பன்றிக்கொழுப்பையும் என்னைப் பார்த்துக்கொண்டே மென்றார்கள். மைனஸ் ஒன்பது டிகிரி. ஏழு பேரில் நாலு பேருக்கு குடிலுக்குச் சொந்தமான மேய்ச்சல் நிலச் சங்கத்தில் ஓட்டு இருக்கிறது என்பதும், குடிலின் குத்தகை இந்த மார்ச்சோடு முடிகிறது என்பதும் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளியே போய், "வீட்டுஸ், உங்களுக்கு எப்பவும் எட்டுதான்டா, பின்வாசல் வழியா வாங்க"ன்னு கெஞ்சினேன். "முன்வாசல்ல வந்தவன் நான். திருடன் மாதிரி பின்வாசல்ல ஏன் வரணும்?" என்றான். சரி, முன்வாசலிலேயே வா, மெதுவா எட்டு குடு என்றேன். அவன் மெதுவாகப் பேசி நீ கேட்டிருக்கிறாயா? லிஃப்ட் இரைச்சலில் இருபது வருஷம் வேலை பார்த்தவன். "கோர்பி, இந்தா எட்டு யூரோ, எட்டு!" என்று குடிலே அதிரச் சொன்னான்.

பக்கத்து மேஜையில் தூர வடக்கே ஓல்டென்பர்க்கிலிருந்து வந்த ஓலென்டார்ஃப் அம்மாள், பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கரண்டியைக் கீழே வைத்தார். "அவருக்கு எட்டு. எனக்குப் பதினெட்டு. ஏன் என்று முழு வாக்கியத்தில் பதில் சொல்லுங்கள்" என்றார். எனக்கு அறுபத்து மூன்று வயசு, அக்கா, ஆனால் எழுந்து நின்றுவிட்டேன். வாயில் வந்ததைச் சொன்னேன்: "எங்க ஊர்ப் பேச்சு பேசுறவங்களுக்கு எட்டு, டீச்சர்." அந்தம்மா, "அப்படியா? நானும் பேசுகிறேன். சொல்லிக்கொடுங்கள்" என்றார். வாய் நிறைய ரொட்டியோடு வீட்டுஸ் சொன்னான்: "அணில்வால் சொல்லட்டும். சொல்லிட்டா எட்டு."

தொட்டிலில் கிடக்கும்போதே நாம் சொன்ன வார்த்தைதான், நம் ஊர்ப் பேச்சில் ஓஹ்காட்ஸ்ல்ஷ்வோஃப். ஆனால் அந்தம்மா வாயில் அது அணிலாகவும் வரவில்லை, வாலாகவும் வரவில்லை, ஏதோ தும்மலாக வந்தது. "பதினெட்டு" என்றான் வீட்டுஸ். குடிலே சிரித்தது. அடுத்த மேஜைக்காரர், "நான் சொல்றேன்" என்று எழுந்தார். அவ்வளவுதான். மறுநாள் பனிச்சறுக்கை விட்டுவிட்டு வாசல் வரை வரிசையில் நிற்கிறார்கள், அணில்வால் சொல்லிப் பார்க்க! ஒரு சூப்புக்கு ஒரு தடவைதான் என்று வீட்டுஸ் சட்டம் போட்டுவிட்டான். லிஃப்ட்காரர்கள் ஏழு பேரும் உள்ளே வந்து உட்கார்ந்து மார்க் போடுகிறார்கள். நம் ஹாலந்து ஸ்யூர்ட் குடும்பத்தோடு முதல் தடவையிலேயே தேறிவிட்டார். தொண்டையைக் காறிப் பேசுவது அவர்களுக்குத் தாய்ப்பால். இப்போது ஆறு பேரும் ரொட்டியை ஹெல்மெட்டிலேயே விட்டுவிட்டு எட்டு யூரோ சூப் சாப்பிடுகிறார்கள். நம் தலைநகர் வியன்னாவிலிருந்து வந்த வக்கீல் ஒருவர் தேறவில்லை. "நான் இந்த நாட்டுக் குடிமகன்!" என்று மேஜையைத் தட்டினார். "நாடு சரி. வால் சரியில்ல. பதினெட்டு" என்றான் வீட்டுஸ். அன்றைக்கு லிஃப்ட்காரர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கே பனிச்சரிவு வந்துவிடுமோ என்று பயமாகிவிட்டது.

டீச்சர் நாலு நாளில் ஏழு சூப் குடித்து ஏழு தடவையும் தோற்றார். எட்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு சொன்னார் பார், நம் அம்மா சொன்ன மாதிரியே இருந்தது. குடில் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. அந்தம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர். "முப்பத்தெட்டு வருஷம் பிள்ளைகளுக்கு மார்க் போட்டேன், எனக்கு யாரும் போட்டதில்லை" என்று சொல்லி, இருந்த முப்பத்துநாலு பேருக்கும் தன் செலவில் சூடான ஒயின் கொடுக்கச் சொன்னார். பத்து யூரோ மிச்சம் பிடித்ததற்கு நூற்றெண்பத்தேழு யூரோ. இது எனக்குப் புரியவில்லை என்று பொஷேனாவிடம் சொன்னேன். "புரியாத வரைக்கும் நல்லது, அண்ணே, புரிஞ்சா கெடுத்துடுவீங்க" என்றாள்.

நேற்று வரை நான்கூட கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தேன். நேற்று மத்தியானம் சங்கத் தலைவர் ரூப்பெர்ட் ஹோல்ஸ்னர் வந்தார். தனியாக வந்தார், கோட்டு பாக்கெட்டில் நீளமான ஒரு தாள் தெரிந்தது, குத்தகைத் தாள். பெரிய கிண்ணமாக எடுத்து, இறைச்சித் துண்டு ஒன்று கூடுதலாகப் போட்டு, காசு வேண்டாம் தலைவரே என்று வைத்தேன். காசு வேண்டாம் என்பதை மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அதற்குள் வியன்னா வக்கீல், "அவருக்கு மட்டும் ஏன் சும்மா? அவரும் சொல்லட்டும்!" என்று கத்தினார். வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும், "சொல்லட்டும், சொல்லட்டும்" என்றார்கள். தலைவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். அவர் பாட்டன் பூட்டன் எல்லாம் இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்து, இங்கேயே புதைக்கப்பட்டவர்கள். நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அவருக்குப் போன வாரம்தான் மேல்பல் வரிசை முழுசும் புதுசாகக் கட்டியிருக்கிறார்கள் என்று யாருக்கு அக்கா தெரியும்? அணில் எப்படியோ வந்தது. வால் பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவில் விசிலாகப் போய்விட்டது.

நான் வீட்டுஸைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன், மேஜைக்கு அடியில் காலைக்கூட மிதித்தேன். அது பொஷேனா கால். வீட்டுஸ் தாடையைச் சொறிந்துவிட்டு, "தலைவரே, நான் என்ன பண்ண, பதினெட்டு" என்றான். தலைவர் பர்சைத் திறந்து சில்லறையாகப் பதினெட்டு யூரோ எண்ணி வைத்தார், சூப்பைத் தொடவில்லை, தாளைப் பாக்கெட்டில் இன்னும் கீழே தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா, குத்தகை போச்சு. நீ நாப்பது வருஷமா கட்டிக் காத்ததை நான் மூணு வாரத்துல ஒரு சாக்கட்டிக் கோட்டால அழிச்சுட்டேன். எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியல. நீ ஊன்றுகோலோடயாவது உடனே கிளம்பி வா. வந்து அந்தப் பலகையை உன் கையால அழி, தலைவர் வீட்டுக்குப் போய் என் தம்பி ஒரு மடையன்னு சொல்லு, அவர் ஒத்துக்குவார், எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான். டாக்டர் விடமாட்டேன்னா அவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு.

புனித நோட்புர்கா உன் இடுப்பைக் காக்கட்டும். உன்னைக் கவனித்துக்கொள்ளும் நர்ஸுகளுக்கு என் வணக்கம், டாக்டருக்கு அரை வணக்கம். பொஷேனா அன்பைச் சொல்லச் சொன்னாள், காலைத் தடவிக்கொண்டே.

கலங்கிப்போன தம்பி,
கோர்பினியன்

பின்குறிப்பு: அக்கா, மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு. உறையை ஒட்டப்போன நேரத்தில் தலைவர் திரும்ப வந்தார், கூடவே அவர் மனைவி கிரெஸென்ஸ் அம்மாள். அந்தம்மாள் மலை ஏறி ஆறு வருஷம் இருக்கும். "நேத்திலேருந்து கண்ணாடி முன்னாடி நின்னு விசிலடிச்சுக்கிட்டே இருக்கார். கல்யாணமாகி நாப்பத்திரண்டு வருஷத்துல இவருக்கு 'தப்பு'ன்னு சொன்ன முதல் ஆள் யாருன்னு பார்க்க வந்தேன்" என்று வீட்டுஸ் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவளே அணில்வாலை ஒரே மூச்சில் சொல்லி எட்டு கொடுத்தாள். தலைவர் மறுபடி சொல்லி மறுபடி தோற்று, பதினெட்டு கொடுத்தார். பிறகு சூப்புக் கிண்ணத்தைத் தள்ளிவைத்து அங்கேயே குத்தகையில் கையெழுத்துப் போட்டார், உன் பெயருக்குத்தான். ஆனால் கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "நான் தேறும்வரை பலகையில் உள்ள விலையும் மாறக் கூடாது, வாடகையும் மாறாது." நான் சூப் விலையைக் குறைத்துவிடுகிறேன் தலைவரே என்றேன். "குறைச்சா எனக்குப் பயந்து குறைச்சேன்னு ஊர் பேசும். தேறித்தான் எட்டு குடுப்பேன்" என்றார். ஆகவே நீ வராதே. வந்தால் பலகையை அழித்துவிடுவாய். டாக்டர் சொல்கிற வரைக்கும், சொன்ன பிறகும் ஒரு மாசம், அங்கேயே இரு. இதில் ஒரே ஒரு சங்கடம்: பல் டாக்டர் அவர் பல்லைத் தேய்த்துச் சரிசெய்ய வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறாராம். பல் சரியானால் தேறிவிடுவார், தேறினால் வாடகை ஏறலாம். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவர் பக்கத்து இருக்கையில்தான் நான். அவர் தேற வேண்டும் என்று வேண்டுவதா, தேறக் கூடாது என்று வேண்டுவதா? சனிக்கிழமைக்குள் பதில் எழுது.