மட்டையடிகளும் ஒரு கிலோ கரட்டும்

உலகமே அழிந்தாலும் அழியாத புனிதப் பொருள்கள் மூன்று உண்டாம். இரண்டு தேவலோகத்தில் இருக்கின்றன. மூன்றாவது பரிஸ் லா சப்பலில், ரூ பஜோல் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு தொலைபேசிக் கடையின் நிலவறையில், வெங்காய மூட்டைக்கும் கழிவறைக்கும் நடுவில் எழுந்தருளியிருந்தது.

அது ஒரு பேஸ்போல் மட்டை.

சிரிக்க வேண்டாம். நூற்றைம்பது வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்கப் பாதிரியார் ஒருவர், ஒரு கையில் வேதப் புத்தகத்தையும் மறு கையில் இந்த மட்டையையும் பிடித்துக்கொண்டு கப்பலால் இறங்கினாராம். பின்னேரங்களில் பிள்ளைகளுக்குப் பந்தடி சொல்லிக் கொடுத்தாராம். அவரோடு வந்த மற்ற மட்டைகள் எங்கே? ஆடி முறிந்தவை பாதி. முறியாததை அடுப்பில் வைத்தார்கள். அடுப்புக்குத் தப்பியதைக் கறையான் தின்றது. கறையானுக்குத் தப்பியதில் ஷெல் விழுந்தது. அத்தனைக்கும் தப்பியது இது ஒன்றுதான். இவ்வளவுக்கும் தப்பிய மட்டைக்குச் சக்தி இல்லாமல் போகுமா?

இப்படிக் கேட்டவர் மட்டையடிகள் இராஜதுரை. காவி வேட்டி, மேலே குளிருக்கு ஒரு கறுப்பு ஜாக்கெட். மட்டையடிகள் ஆவதற்கு முன் மெத்ரோ வாசலில் சிம் அட்டை விற்றார். அதற்கு முன் எண்சாத்திரம் பார்த்தார். அதற்கும் முன் என்ன செய்தார் என்பது ஆன்மிக ரகசியம்.

வெள்ளியும் ஞாயிறும் தரிசனம். வரிசை நிலவறைப் படியேறி, நடைபாதையில் திரும்பி, மீன்கடை வாசல்வரை நீளும். ஒரு பிரெஞ்சுக் கிழவி புது உணவகமாக்கும் என்று வரிசையில் நின்று, உள்ளே போய், நெற்றி நிறையக் குங்குமத்தோடு வெளியே வந்தாள். சாப்பாடு கிடைக்கவில்லை, ஆனாலும் திருப்தி என்றாள். மன்னார் மரியநாயகி ஞாயிறு பூசை தவறாதவர். அவர் மட்டையின் முன் சிலுவை போட்டுக்கொண்டார்.

"பாதிரியாற்றை மட்டைதானே, குற்றமில்லை" என்றார்.

இந்தக் கூட்டத்தில் சந்தேகம் கேட்க ஆளில்லை என்று சொன்னால் அது பெரிய அநியாயம். கேட்டார்கள். மேசையில் குத்திக் கேட்டார்கள். பாதிரியார் இதை வட்டுக்கோட்டையில் ஆடினாரா, தெல்லிப்பழையில் ஆடினாரா என்பதுதான் சந்தேகம். இரண்டு ஊர்ப் பழைய மாணவர் சங்கங்களும் ஆளுக்கொரு கூட்டம் போட்டு, ஆளுக்கொரு தீர்மானம் நிறைவேற்றி, ஆளுக்கொரு பொன்னாடையை மட்டைக்குப் போர்த்தின. மட்டை யாழ்ப்பாணத்தைக் கண்டதா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. எந்தப் பள்ளிக்கூடம் என்று தெரிந்தால் எங்கள் ஆட்களுக்குப் போதும். மற்றதெல்லாம் சில்லறைக் கேள்வி.

மட்டைக்கு நிபுணர் சான்றும் இருந்தது. நிபுணர் பெயர் வாமதேவன். பரிஸ் துடுப்பாட்ட ஒன்றியத்தின், அதாவது கிரிக்கெட் சங்கத்தின், தலைவர். வயிறு தெரியாமல் படம் எடுக்கத் தெரிந்தவர். முதல் தரிசனத்திலேயே மட்டையின் தடித்த பக்கத்தைத் தடவி, கண்ணை மூடி, கூட்டத்துக்குக் கேட்க அறிவித்தார்:

"இந்தப் பள்ளமெல்லாம் பந்து பட்ட பள்ளம். ஒரே இடத்திலை, ஒரே நேரிலை. பெரிய ஆட்டக்காரன் பாவிச்ச மட்டை. மட்டை விஷயத்திலை என்னை ஒருத்தரும் பேய்க்காட்டேலாது."

மட்டையின் பிடியை அவர் பார்க்கவில்லை. அதில் காவித் துணி சுற்றியிருந்தது. பிடி நுனியில் வழக்கமாக இருக்கும் குமிழும் இல்லை. பாதிரியாரின் கை பட்டுத் தேய்ந்துவிட்டதாம்.

மட்டை பேசும் விதம் அழகானது. வட்டமான பளிங்கு மேசை. எதிர் விளிம்பில், வலப்பக்கம் கற்பூரத் தட்டு, அது "ஓம்". இடப்பக்கம் சாம்பல் தட்டு, அது "இல்லை". அடிகள் மட்டையைக் குறுக்கே படுக்க வைத்து, கேள்வியைக் காதில் வாங்கி, ஒற்றை விரலால் தள்ளுவார். மட்டை மெல்ல உருளும். நடுவழியில் யோசிப்பதுபோலத் தோன்றும். பிறகு தானாக ஒரு பக்கம் வளைந்து போய்த் தட்டில் "டங்" என்று முட்டும். கூட்டம் "முருகா" என்னும்.

முதல் தரமே "ஓம்" சொன்ன மட்டையை யாரும் கண்டதில்லை. முதலில் "இல்லை" வரும். மூன்று கிழமை, அதாவது மூன்று வாரம், காசு கட்டி மட்டைப் பூசை செய்தால் "ஓம்" வரும். தெய்வத்துக்கும் வாடகை கட்ட வேண்டும் அல்லவா.

அந்த வெள்ளிக்கிழமை வாமதேவன் கொண்டுவந்தது வீட்டு விஷயம். அவரும் மனைவி பூரணியும் இரண்டு பெண் பிள்ளைகளும் லா கூர்னெவில் ஓர் அறையில் இருந்தார்கள். மூத்தவள் சாம்பவி குளியலறையில் இருந்து படித்தாள். யாருக்காவது அவசரம் வந்தால் பாடத்தோடு எழும்பி வெளியே நின்றாள். அரசாங்க வாடகை வீட்டுக்கு எழுதிப்போட்டு எத்தனையோ வருடம். இப்போது ஓல்னே-சூ-புவாவில் மூன்று அறை வீடு கொடுத்திருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வீடு அடுத்தவருக்கு.

மட்டை உருண்டது. வளைந்தது. சாம்பல் தட்டில் "டங்".

"அந்த வீட்டிலை ஒரு இருட்டு இருக்கு தம்பி" என்றார் அடிகள். "மூண்டு கிழமை பூசை செய்வம்."

"திங்கக்கிழமை முடிவு சொல்லோணும் சாமி."

"அப்ப விட்டிடுங்கோ. அவசரப்படுத்துற வீடு நல்ல வீடில்லை."

வாமதேவன் வீட்டுக்கு வந்து சொன்னதும் பூரணி கத்தியைக் கீழே வைத்தார். சமைத்துக்கொண்டிருந்தபடியால்தான் கத்தி கையில் இருந்தது.

"இஞ்சாருங்கோ, விளையாடுறியளோ?"

"மட்டை சொல்லிப்போட்டுது பூரணி. எத்தினை அழிவுக்குத் தப்பி வந்த மட்டை தெரியுமே?"

"எங்கட வீட்டிலையும் ஒரு காலுறை தப்பிக் கிடக்கு. சோடியைக் காணேல்லை. அதையும் கும்பிடட்டோ?"

"நீர் சும்மா இரும். விளையாட்டைப் பற்றி உமக்கென்ன தெரியும்? பள்ளத்தைப் பாத்துச் சொன்னனான்."

"ஓமோம், பெரிய விளையாட்டு. வீடியோக் கடை வச்சிருந்த காலத்திலை இறுகின ஷட்டரை ஒவ்வொரு நாளும் காலமை அடிச்சுத் திறந்ததைத் தவிர வேறை என்னத்தை அடிச்சனீங்கள்?"

குளியலறைக் கதவு திறந்தது. சாம்பவி தலையை நீட்டினாள்.

"அப்பா, நான் கடைசி வருசப் பக் சோதினையும் இஞ்சை இருந்தே எழுதுறதோ?"

வாமதேவன் கோபத்தில் மேசையில் ஓங்கித் தட்டினார். தட்டிய அதிர்வில், கறிக்கு வைத்திருந்த ஒரு கரட் உருண்டது. நேரே போகவில்லை. நுனி இருந்த பக்கமாக வட்டம் போட்டு வளைந்து, உப்புப் போத்தலில் முட்டி நின்றது.

பூரணி அந்தக் கரட்டைப் பார்த்தார். எடுத்தார். திருப்பி வைத்தார். விரலால் தள்ளினார். இப்போது மற்றப் பக்கம் வளைந்து போனது. பிறகு அன்றைய கறி அரை மணித்தியாலம் பிந்தியது.

ஞாயிற்றுக்கிழமை பூரணி கணவனோடு லா சப்பலுக்குப் போனார். திருந்திவிட்டாள் என்று வாமதேவனுக்கு உள்ளூரப் பெருமை. வழியில் பூரணி ஒரு கிலோ கரட் வாங்கினார். நைவேத்தியமாக்கும் என்று வாமதேவன் நினைத்தார்.

நிலவறையில் மூச்சுவிட இடமில்லை. முறை வந்ததும் பூரணி கும்பிட்டார்.

"சாமி, வீட்டுக் கேள்வியைத் திரும்பக் கேளுங்கோ. ஆனால் மட்டையை மற்றப் பக்கம் திருப்பி வையுங்கோ. பிடி வலப்பக்கம் வரட்டும்."

அடிகளின் விரல் அந்தரத்தில் நின்றது.

"மட்டைக்கு நாங்கள் கட்டளை போடேலாது தங்கச்சி. பொம்பிளையள் தொடவும் கூடாது."

"நான் மட்டையைத் தொடேல்லை சாமி. கரட்டைத்தான் தொடுறன்."

பை திறந்தது. நல்ல நீளக் கரட் ஒன்று பளிங்கு மேசையில் குறுக்கே படுத்தது, நுனி இடப்பக்கம். பூரணி உரத்த குரலில், "கரட்டே, ஓல்னே வீடு சரியோ?" என்று கேட்டுத் தள்ளினார். கரட் உருண்டு, யோசித்து, வளைந்து, சாம்பல் தட்டில் முட்டியது. கூட்டம் பழக்கதோஷத்தில் "முருகா" என்றது.

பூரணி கரட்டைத் திருப்பி வைத்தார். நுனி வலப்பக்கம். அதே கேள்வி. கரட் கற்பூரத் தட்டில் முட்டியது.

"இதுவும் பாதிரியாரோடை கப்பலிலை வந்ததோ சாமி? ஒரு பக்கம் மெல்லிசு, ஒரு பக்கம் தடிப்பு. உருட்டினால் மெல்லிசுப் பக்கம்தான் வளையும். எந்தப் பக்கம் பிடியை வைக்கிறியளோ அந்தப் பக்கம்தான் உங்கட தெய்வ வாக்கு."

முதலில் சிரித்தது மரியநாயகி. "இஞ்சை ஒண்டு தா பிள்ளை" என்று ஒரு கரட்டை வாங்கினார். மகன் இந்த வருடம் கலியாணம் கட்டுவானோ என்று கேட்டார். "இல்லை" வந்தது. திருப்பி வைத்துக் கேட்டார். "ஓம்" வந்தது. "ஐயோ, நானே திருப்பலாம் போலை கிடக்கு" என்றார்.

அதன் பிறகு நிலவறை நிலவறையாக இல்லை. ஒரு கிலோ கரட்டும் கைக்குக் கை பறந்தது. ஒருவர் தன் மச்சான் காசைத் திருப்பித் தருவானோ என்று கேட்டார். கரட் எந்தப் பக்கம் திருப்பினாலும் மேசையால் விழுந்தது, நுனி முறிந்த கரட். வட்டுக்கோட்டைக்காரர் ஒருவரும் தெல்லிப்பழைக்காரர் ஒருவரும் ஒரே கரட்டை ஆளுக்கொரு நுனியில் பிடித்து இழுத்தார்கள்.

இந்த அமளியில் மீன்கடைக் கரிகாலன் மட்டையில் கை வைத்தான். "அண்ணை, இதையும் ஒருக்கால் திருப்பிப் பாப்பம்." அடிகள் பிடியைப் பிடித்து இழுத்தார். கரிகாலன் தடித்த பக்கத்தைப் பிடித்து இழுத்தான். தினமும் மீன்பெட்டி தூக்கும் கை அவனுடையது. மட்டை அவனோடு போனது. காவித் துணி அடிகளோடு நின்றது.

துணிக்குள் பிடி முழுக்க, மின்கம்பிக்குச் சுற்றும் பச்சை நாடா சுற்றியிருந்தது. நாடா முடியும் இடத்தில், மரத்தோடு ஒட்டியபடி விளையாட்டுக் கடை விலைச்சீட்டு. அரைவிலை, யூரோவில்.

"நூற்றைம்பது வருசத்துக்கு முதல் யூரோவோ சாமி?" என்றான் கரிகாலன். மட்டையைத் திருப்பி வைத்து உருட்டினான். கற்பூரத் தட்டில் "டங்".

அடிகள் ஜாக்கெட்டின் கழுத்துவரை சிப்பை இழுத்துப் பூட்டினார்.

"எங்கையடா எடுத்தனீ?" என்று யாரோ கேட்டார்கள். மரியாதை துணியோடு சேர்ந்து கழன்றுவிட்டது.

"ரூ பஜோலிலை" என்றார் இராஜதுரை, தரையைப் பார்த்தபடி. "வீடியோக் கடை ஒண்டு மூடேக்கை குப்பையோடை வெளியிலை போட்டிருந்தாங்கள். நல்ல சாமான் எண்டு எடுத்து வச்சனான்."

வாமதேவன் அவ்வளவு நேரமும் சுவரோடு நின்றார். இப்போது அந்தச் சுவருக்குள்ளேயே போய்விடலாமா என்று பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, நாளைக்கு முதல் வேலை அந்த வீட்டுக்கு ஓம் சொல்றது" என்றார் பூரணி.

"ஓம்" என்றார் வாமதேவன். உருட்டத் தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை சம்மதம் போனது. சாம்பவிக்குக் கதவுள்ள அறை கிடைத்தது. நிலவறையில் இப்போது வெங்காயம் மட்டும் இருக்கிறது. யாரும் கும்பிடுவதில்லை, ஆனால் சாம்பாருக்கு உதவுகிறது. மனிதனின் தலையும் ஓர் உருண்டைதான் ஐயா. அதைக் கண்டவன் மேசையில் வைத்து உருட்டக் கொடுக்காமல், கழுத்தின் மேலேயே வைத்துக் கொஞ்சம் பாவித்துப் பாருங்கள்.

அந்த வீடியோக் கடை வாமதேவனுடையது. இறுகிய ஷட்டரை அடிக்கத்தான் மட்டையை வாங்கினார். மேசைக்குக் கீழே அடங்கவில்லை என்று குமிழை வாளால் அறுத்து, கை வழுக்காமல் பச்சை நாடா சுற்றியவரும் அவர்தான்.