தேனம்மைக்கு இடம் கிடைத்தது

ஒரு காட்டில் தேனம்மை என்ற புள்ளிமானை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் தன் பலவீனம் என்ன என்பதைப் புலியிடம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

நன்றாகத்தான் விளக்கினாள். தடுமாறவில்லை. கண்ணைப் பார்த்துப் பேசினாள். இரண்டு நிமிடத்துக்குள் முடித்தாள். பயிற்சி அப்படி.

நான் ஆமை. மலையடிவாரத்தில் உள்ள வன மேலாண்மைக் கழகத்தின் வாசலில் ஹால் டிக்கெட் பார்ப்பது என் வேலை. அறுபது வருடமாகப் பார்க்கிறேன். டிக்கெட்டில் இருக்கும் படமும் எதிரே நிற்கும் முகமும் ஒன்றுதானா என்று சரிபார்க்க வேண்டும். முயல்கள் வந்தால் இது கஷ்டம். உள்ளே போகிறவர்களை எண்ணும் பொறுப்பும் என்னுடையது. வெளியே வருகிறவர்களை எண்ணும் பொறுப்பு யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

கழகத்தில் படித்து முடித்தவருக்கு மேலாளர் பதவி. மேலாளர் வெயிலில் அலைந்து மேய வேண்டாம். புல் இருக்கிற இடத்துக்கே வரும். முக்கியமாக, மேலாளரை எந்தப் புலியும் வேட்டையாடாது. இது கழகத்தின் கையேட்டில் பதினோராம் பக்கத்தில் அச்சிட்டிருந்தது. கையேட்டை வெளியிட்டவர் இயக்குநர். இயக்குநர் புலி.

தேனம்மையின் தாய் உமையாள் அந்தப் பதினோராம் பக்கத்தை மனப்பாடம் செய்துவைத்திருந்தாள். ஓடையில் தண்ணீர் குடிக்கக் குனிந்த அவள் கணவன் நிமிரவே இல்லை. அதிலிருந்து மூத்தவள் தேனம்மையையும் சின்னவள் வள்ளிக்கண்ணையும் வைத்துக்கொண்டு தினமும் ஓட்டம்தான்.

"ஓடி ஓடிப் பிழைக்கிறதெல்லாம் ஒரு பிழைப்பாடீ? உக்காந்து பிழைக்கணும்" என்பாள்.

தேனம்மை காட்டிலேயே வேகமாக ஓடுகிறவள். அதற்கு மார்க் கிடையாது. ஆகவே உமையாள் அவளைக் கோதண்டம் சாரிடம் கூட்டிப்போனாள்.

கோதண்டம் சார் ஒரு முள்ளம்பன்றி; அங்கே நடந்ததெல்லாம் அவரே பின்னால் எனக்குச் சொன்னது. ஆலமரத்தடியில் சிகரம் அகாடமி நடத்தினார். கழகத்தின் நுழைவுத் தேர்வை ஒன்பது முறை எழுதியவர். ஒன்பது முறையும் எழுத்துத் தேர்வில் முதல் பத்துக்குள் வந்தார். ஒன்பது முறையும் நேர்காணலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அனுபவம் காட்டில் வேறு யாருக்கும் இல்லை.

மரத்தைச் சுற்றி, இடம் கிடைத்த மாணவர்களின் படங்களை ஃப்ளெக்ஸ் அடித்துக் கட்டியிருந்தார். ஃப்ளெக்ஸ் போடும் குரங்கிடம் வாழ்த்துக்கும் அஞ்சலிக்கும் ஒரே பூச்சட்டம்தான் இருந்தது. யாரும் குறை சொன்னதில்லை.

"சார், போன வருஷம் செலக்ட் ஆன பசங்க யார்கிட்டயாவது ஒரு வார்த்தை பேசிப் பாக்கலாமா?" என்று உமையாள் கேட்டாள்.

"அம்மா, அவங்கல்லாம் இப்ப எங்கியோ போயிட்டாங்க. மலைமேல ஏறினவன் இந்தப் பக்கம் எட்டிப் பாப்பானா? காட்டெருமை வீட்டுப் பையன், அவங்கம்மா சாவுக்கே வரல."

"அவ்வளவு பிஸியா!" என்று வியந்த உமையாள், உடனே விண்ணப்பத்தில் குளம்பைப் பதித்தாள்.

வகுப்பு சூரியன் கிளம்பும்போது தொடங்கி சூரியன் அடங்கும்போது முடியும். எழுந்து நடக்க அனுமதி இல்லை. மூன்று யானைகள் ஒரு குளத்தை ஆறு மணி நேரத்தில் குடித்து முடித்தால், ஐந்து யானைகள் எத்தனை மணி நேரத்தில் குடிக்கும் என்று சார் கேட்பார்.

"குளம் பூராத்தையும் குடிச்சிட்டா நாங்க எங்க சார் போறது?" என்று தேனம்மை ஒரு தடவை கேட்டாள்.

"அது சிலபஸ்ல இல்ல."

தெரியாத கேள்வியைத் தொட்டால் நெகட்டிவ் மார்க் என்று சொல்லிக்கொடுத்தார். பெர்சன்டைல் என்றால் என்ன என்றும் சொல்லிக்கொடுத்தார். "நீ எவ்வளவு வாங்கினேங்கறது யாருக்கு வேணும்? உன் பக்கத்துல உக்காந்திருக்கானே பிச்சாண்டி, அவன் எவ்வளவு வாங்கலைங்கறதுதான் கணக்கு."

பிச்சாண்டி முயல். அன்று முதல் தன் நோட்டை உடம்பால் மறைத்துக்கொண்டு எழுதினான். முயல் உடம்பு பெரிதாக எதையும் மறைக்கவில்லை.

ஒரு நாள் மாக் டெஸ்ட் நடந்துகொண்டிருந்தபோது காற்றில் சிறுத்தை வாடை வந்தது. எல்லாருக்கும் காது விறைத்தது. பாதி வகுப்பு எழுந்துவிட்டது.

"உக்காருங்க! இதுக்கெல்லாம் எழுந்தா டைம் யார் தருவா?" என்று சார் அதட்டினார்.

உட்கார்ந்தார்கள். சிறுத்தை வரிசை வரிசையாக நடந்து பார்த்தது. யாரும் தலை நிமிரவில்லை. தலையாட்டிவிட்டுப் போய்விட்டது. "கழகத்துலேர்ந்து ஆய்வுக்கு வந்திருக்காங்க. திருப்தியாத்தான் போறாங்க" என்று சார் அன்று முழுக்கப் பூரித்துக்கிடந்தார்.

எழுத்துத் தேர்வில் தேனம்மைக்குத் தொண்ணூற்றெட்டுப் புள்ளி ஆறு பெர்சன்டைல். நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அதற்கான தனி வகுப்பில்தான் சார் தன் மனதைத் திறந்தார்.

"ஒன்பது தடவையும் நான் ஒரே கேள்வியில விழுந்தேன். 'உன் பலவீனம் என்ன?' எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல சார்னு சொன்னேன். இயக்குநர் எழுந்து என்னை ஒரு சுத்துச் சுத்தி வந்தார். முன்னாடி பாத்தார், பின்னாடி பாத்தார். ஒரு பெருமூச்சு விட்டார். 'எங்களுக்கு ஒத்து வராது தம்பி'ன்னுட்டார். அப்பறம்தான் புரிஞ்சுது. அவங்க எதிர்பாக்கறது நேர்மை. பலவீனத்தை ஒளிக்கறவனை அவங்களுக்குப் பிடிக்காது."

"சாருக்கு உடம்பு பூரா முள் இருக்கே, அதனால இருக்குமோ?" என்றாள் தேனம்மை.

"முள்ளுக்கும் மேனேஜ்மென்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

வகுப்பே சிரித்தது. தேனம்மையும் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"சரி, உன் பலவீனம் என்ன, சொல்லு."

"ரொம்ப நேரம் உக்காந்து எழுந்தா வலது பின்னங்கால் மரத்துப்போகுது சார். முன்னாடியெல்லாம் கிடையாது. இங்க சேர்ந்ததுக்கு அப்பறம்தான்."

"அருமை! இதையே சொல்லு. எந்தக் கால், எத்தனை நிமிஷம், எல்லாம் தெளிவா சொல்லணும். மழுப்பக் கூடாது."

நேர்காணல் எப்போதும் மலையுச்சிக் குகையில் நடக்கும். வாசலிலிருந்து எதுவும் தெரியாது. அந்த வருடம் குகை ஒழுகியதால் வாசலுக்குப் பக்கத்தில், மூங்கில் புதருக்குப் பின்னால் கல் போட்டு நடத்தினார்கள். அறுபது வருடத்தில் முதல் தடவையாக எனக்குக் காதில் விழுந்தது. கழுத்தை நீட்டினால் பார்க்கவும் முடிந்தது.

நடுவில் இயக்குநர். ஒரு பக்கம் சிறுத்தை. இன்னொரு பக்கம் துறை வல்லுநராகக் கழுதைப்புலி.

"உக்காரும்மா. எதுக்கு மேலாண்மை படிக்கணும்னு தோணுச்சு?"

"அலையாம, ஒரு இடத்துல நிம்மதியா உக்காந்து சாப்பிடணும் சார்."

"எங்க நோக்கமும் அதேதான்" என்றார் இயக்குநர்.

கழுதைப்புலி கேட்டது: "வீட்ல வேற யாரு இருக்கா?"

"அம்மா. ஒரு தங்கச்சி சார், வள்ளிக்கண்ணு."

கழுதைப்புலி குறித்துக்கொண்டது.

பிறகு இயக்குநர் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவள் காலைப் பற்றிச் சொன்னாள்.

"எந்தக் கால்?"

"வலது பின்னங்கால் சார்."

"எவ்வளவு நேரம் மரத்துக் கிடக்கும்?"

"அஞ்சு நிமிஷம் சார்."

"இப்ப நீ உக்காந்து எவ்வளவு நேரம் ஆச்சு?"

"இருபது நிமிஷம் இருக்கும் சார்."

சிறுத்தை பேனாவை மூடிவைத்தது.

"உன் நேர்மை எங்களுக்குப் பிடிச்சிருக்கும்மா" என்றார் இயக்குநர்.

நான் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டேன். மறுபடி நீட்டியபோது கல்லில் இருந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டு "அடுத்தவர் வரலாம்" என்றார்கள். இப்படி மாலைவரை நடந்தது. கடைசியாக நின்ற பிச்சாண்டியைக் கூப்பிடவே இல்லை. குழு களைத்திருந்தது. வெயிட்டிங் லிஸ்ட்டில் முதல் இடம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அறுபது வருடத்தில் முதல் முறையாக வேலையை விட்டு வாசலைத் தாண்டினேன். ஆலமரம் கூப்பிடு தூரம்தான். எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் முடிவுகள் வந்து, பட்டியலில் முதல் பெயராகத் தேனம்மை இருந்தாள். ஃப்ளெக்ஸும் ஏறிவிட்டது. உமையாள் வந்தவர்களுக்கெல்லாம் அறுகம்புல் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் வள்ளிக்கண்ணு உருண்டு விளையாடியது.

"அம்மா, உங்க பொண்ணு செத்துட்டா" என்றேன். இரண்டு நாள் யோசித்தும் இதைவிட நல்ல வாக்கியம் கிடைக்கவில்லை.

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு பேசுறீங்க பெரியவரே!"

"என் கண்ணால பாத்தேன்."

கோதண்டம் சார் முன்னால் வந்தார். "எந்தக் கேள்வியில?"

"பலவீனம் கேட்டாங்க."

"பதில் சொன்னாளா?"

"சொன்னா."

"மழுப்பாம?"

"மழுப்பாம."

"அப்பறம் என்ன? செலக்ட் ஆயிட்டா. லிஸ்ட்ல இருக்கே."

கூட்டத்தில் நின்ற காட்டுப்பன்றி ஒன்று உறுமியது. "பெரியவருக்கு வயித்தெரிச்சல். இவர் பையன் ஒரு மார்க்குல கோட்டை விட்டவன்தானே!"

"அவன் உயிரோட இருக்கான்யா" என்றேன்.

"அதைத்தான் நாங்களும் சொல்றோம்."

எல்லாரும் சிரித்தார்கள். பிச்சாண்டி மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"பெரியவரே, நிஜமாவே செத்துட்டாளா?"

"ஆமாப்பா."

"உறுதியாத் தெரியுமா?"

"தெரியும்." ஒருவனாவது நம்பினானே என்று கழுத்தை முழுசாக நீட்டினேன்.

"அப்ப ஒரு சீட் காலி" என்றான்.

அவ்வளவுதான், கூட்டம் முழுவதும் என்னை நம்பிவிட்டது. சாவை நம்பாதவர்கள் காலியிடத்தை உடனே நம்பினார்கள். உமையாளும் அப்போதுதான் நம்பினாள். தரையில் விழுந்து புரண்டு அழுதாள். "என் தங்கமே, படிச்சுப் படிச்சு இப்படிப் போனியே" என்று கத்தினாள். அந்த அழுகையில் பொய் இல்லை. பக்கத்தில் நின்ற சாருக்கே முள் தாழ்ந்துபோயிற்று.

பிச்சாண்டி வரிசையில் நிற்கக் கிளம்பினான். உமையாள் அழுகையை நிறுத்தி எழுந்தாள்.

"எங்கடா போறே? அது என் பொண்ணு சீட்டு."

"அக்கா, வெயிட்டிங் லிஸ்ட்ல முதல் பேரு என்னோடது."

"என் புருஷனைக் குடுத்திருக்கேன், பொண்ணைக் குடுத்திருக்கேன். கருணை அடிப்படையில வாரிசுக்குத்தான் வரணும். வாடீ வள்ளிக்கண்ணு!"

"எனக்கு இந்த வருஷத்தோட வயசு வரம்பு முடியுதுக்கா!"

"உள்ள இருக்கறது புலி!" என்று நான் கத்தினேன். ஆமை கத்தினால் எவ்வளவு கேட்கும்?

"பெரியவரே, நீங்க ஹால் டிக்கெட் பாக்கிறவர். ஹால் டிக்கெட்டை மட்டும் பாருங்க" என்றாள் உமையாள். மூவரும் என்னைத் தாண்டி ஓடினார்கள். நன்றாக ஓடினார்கள்.

நான் திரும்பி வாசலுக்கு வந்து சேர இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. நான் இல்லாததால் அங்கே யாரும் யாரையும் தடுத்திருக்கவில்லை. கதவில் புதிய அறிவிப்பு ஒட்டியிருந்தது. பாதிக்கப்பட்ட குடும்பத்தின் நிலையைக் கருதியும், காத்திருந்தவரின் வயதைக் கருதியும், கழகம் சிறப்பு ஆணை பிறப்பித்து இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் கழித்து உமையாள் தனியாக வந்தாள். வாசல் கல்லில் சாய்ந்து நின்றாள்.

"என் பொண்ணுங்க ரெண்டு பேரும் ஒரே இடத்துலதானே இருக்காங்க பெரியவரே?"

"ஆமாம்மா" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனாள்.

செய்தி காடெங்கும் பரவியது. புலி தின்கிறது என்ற பகுதி ஓடை தாண்டவில்லை. இடம் அடிக்கடி காலியாகிறது என்ற பகுதி எல்லைவரை போயிற்று. கோதண்டம் சார் காலை, மாலை என்று இரண்டு பிரிவாக வகுப்பு எடுக்கிறார். காட்டில் இப்போது மீதி இருப்பவர்கள் எல்லாரும் வெயிட்டிங் லிஸ்ட்டில் இருக்கிறார்கள்.

நீதி: தோற்றவரிடம்தான் பாடம் படிக்க வேண்டும். மிச்சமிருப்பது அவர்தான்.