தொட்டிக்குப் பின்னால் பதினொரு செடி

பெப்ரவரி 12, புதன்கிழமை. வழக்கம்போல் எட்டு மணிக்குப் பதுளையில் நான் கிளார்க்காக இருக்கும் ஸ்டூடியோவைத் திறந்தேன். முதலில் நாற்காலிகளைத் துடைத்தேன். பிறகு கம்ப்யூட்டரைப் போட்டு, முந்தின நாள் முடிந்த படங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்த லேயர்களை ஒன்றாக்கிச் சேமித்தேன். கம்ப்யூட்டரில் இடத்தை அடைக்கக் கூடாது என்பது என் சட்டம். அந்தச் சட்டத்தின் ஒரே எதிரி, படங்களைத் திருத்தும் மேகக்காரர்.

ஊவா மாகாணத்திலேயே வானத்தைச் சொந்தமாக வைத்திருந்த ஒரே மனிதர் அவர்தான். ஊர் ஊராகப் போய்க் கேமராவில் பிடித்த மேகங்களை மாதவாரியாகச் சேர்த்திருந்தார். ஹாலிஎல வீட்டுப் படம் ஒன்றுக்கு நீல வானம் கேட்டு வந்தவரிடம், "எந்த மாசம் எடுத்தீங்க?" என்றார்.

"நவம்பர்."

"நவம்பர்ல ஹாலிஎலயில ஏதுங்க இந்த நீலம்? ஜூலையில வாங்க."

அவர் ஜூலையில் வரவில்லை.

அன்று ஒன்பது மணிக்கு ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து சரசு என்ற பெண் வந்தாள். மறுநாள் விடிகாலை வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுகிறாள். போனில் ஒரு படம்: அவர்கள் குடியிருக்கும் லயத்து வாசலிலிருந்து தெரியும் தேயிலை மலை. நடுவில் நீலத் தண்ணீர்த் தொட்டி.

"அண்ணே, தொட்டிய மட்டும் எடுத்துருங்க. அம்மா போட்டோவுக்கு நிக்கவே மாட்டாங்க. அவங்க கொழுந்தெடுக்கிற மலையவாச்சும் கொண்டு போறேன்."

"அஞ்சு மணிக்கு வாம்மா."

பக்கத்துச் செடியை நகலெடுத்துத் தொட்டிமேல் ஒட்டினால் பத்து நிமிட வேலை. மேகக்காரரோ கேமராவைத் தோளில் மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"தொட்டிக்குப் பின்னால என்ன இருக்குன்னு பாக்க."

"செடிதான் இருக்கும்!"

"எத்தனை செடி, கிளாக்கரய்யா?"

படத்தில் எண்ணப் பார்த்தேன்; தொட்டிதான் தெரிந்தது. அவர் பஸ் ஏறிவிட்டார்.

ஒன்றரைக்கு முழங்கால்வரை சேற்றோடு வந்து, நான் துடைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். "பதினொண்ணு," என்றார்.

சரசுவின் படத்துக்கு அடியில் தன் படத்தை ஒரு லேயராக வைத்தார். மேல் படத்தில் வேண்டாததை மறைக்கும் மாஸ்க் போட்டு, மெல்லிய கறுப்பு பிரஷால் தொட்டியை இலை இலையாக மறைத்தார். தொட்டி மறைய மறைய அடியிலிருந்த செடிகள் வெளிவந்தன. எட்டாவது செடியருகே கூடையோடு ஒரு பெண் நின்றிருந்தார்.

"சரசோட அம்மா. தள்ளி நிக்கச் சொன்னேன். 'எம்மக கேட்ட படமா? எனக்குக் குடுத்த செடி நிரைய விட்டு நான் எங்கய்யா போறது, நீ பாட்டுக்குப் புடி'ன்னுட்டாங்க."

"அப்படியே விடுங்களேன்."

"அவ தொட்டிய எடுக்கத்தான் சொன்னா. அவளக் கேக்காம எப்படி வைக்கிறது?"

அம்மா அடுத்த செடிகளுக்கு நகர்ந்த பிறகு எடுத்த படம் ஒன்றும் வைத்திருந்தார். அதை அடியில் சேர்த்து, அம்மா இருந்த லேயரை அணைத்தார்.

ஐந்து மணிக்குச் சரசு வந்தாள். தொட்டியில்லாத மலையைப் பார்த்து, "ரொம்ப நல்லாருக்குண்ணே," என்றாள்.

"இன்னொண்ணும் இருக்கு. வேணாம்னா வேணாம்."

லேயரைத் திறந்தார். சரசு திரைக்கு மிக அருகே போனாள்.

"எப்பிடிண்ணே நிக்க வச்சீங்க?"

"நான் எங்க நிக்க வச்சேன்? நகர்த்தத்தான் பாத்தேன். முடியல."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "இதையே பிரிண்ட் போடுங்கண்ணே."

மறுநாள் எட்டு மணிக்குத் திறந்ததும், முதல் வேலையாக அந்தப் படத்தை, ஒரு லேயரையும் ஒன்றாக்காமல், பிரதி எடுத்து வைத்தேன். நாற்காலிகளைப் பிறகுதான் துடைத்தேன். மேகக்காரருடையதில் சேறு காய்ந்திருந்தது. அதை மட்டும் விட்டுவிட்டேன்.